அவர் வண்டியில் தம்மம்பட்டி வரை

பேளுக்குறிச்சியைத் தாண்டி நாமகிரிப்பேட்டைக்குப் போகிற வழியில், ஒரு மரவள்ளிக் காட்டோரம் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

வேகமாகப் போய் விழவில்லை. நின்றுகொண்டே விழுந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று ஓரங்கட்டி இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தார் இல்லை, பொடி ஜல்லி. கால் வழுக்கியது. இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான வண்டி ஒருபக்கம் சாயத் தொடங்கிவிட்டால், அதைப் பிடித்து நிறுத்த என் உடம்பு போதாது. அவசரமே இல்லாமல், மாடு படுப்பதைப்போலப் படுத்தது. கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டது. என்ஜின் ஒரு விக்கல் விக்கி நின்றது. நான் எப்படிக் காலை இழுத்துக்கொண்டு விலகி நின்றேன் என்று இன்றுவரை தெரியாது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். வலப்பக்கம் கொல்லிமலை இடுப்புவரை பனியில் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் வாடை மெல்ல வந்தது.

எனக்கு அடிபட்டதா என்று பார்க்கத் தோன்றவில்லை. மனதுக்குள் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"ஐயோ, அவர் வண்டி."

உறை போட்ட வண்டி

ரிக் வண்டிக்காரர் வீட்டு வருஷம் எப்படி ஓடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: என் கணவர் செங்கோட்டுவேல் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் அந்த வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மழை பிடித்தால் ஊருக்கு வருவார்கள். அவர் அந்த வேலைக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தனக்கென்று ஆசைப்பட்டு அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. மகள் படிப்பு, வீட்டுக்கு மேல்தளம், என் அப்பாவின் கண் ஆபரேஷன் என்றே போய்க்கொண்டிருந்த மனிதர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தபோது சேலத்துக்குப் போய் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தொலைதூரம் போவதற்கென்றே செய்த வண்டி. உயரமான கைப்பிடி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் பெட்டி மாட்டக் கம்பி. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம்.

"எங்கீங்க போறதுக்கு இது?" என்று கேட்டேன்.

"எங்கீமில்ல. காலைல கெளம்பி கொல்லிமலையச் சுத்தி வந்துட்டு, பொழுதோட ஊடு சேரோணும். அவ்வளவுதான்."

அந்த ஒரு நாள் வரவே இல்லை. முதல் வருஷம் அவர் இருந்த நாற்பது நாளும் அடைமழை. அடுத்த வருஷம் உறவில் ஒரு சாவு, அப்புறம் மகளின் கல்லூரிச் சேர்க்கை. இடையில் ஒருநாள் என்னைப் பின்னால் உட்கார வைத்து நாமக்கல் வரை போய்த் திரும்பினார். மறுவாரம் ரிக் ஓனரிடமிருந்து போன் வந்துவிட்டது. கிளம்பும்போது வண்டிக்கு உறை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி உட்ரு சுமதி. இல்லீன்னா பேட்டரி எறங்கிரும்."

பத்து நிமிஷம்

முதல் சில வாரம், பக்கத்தில் நின்றே ஸ்டார்ட் செய்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காவல் நிற்பதுபோலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் ஒருநாள், நிற்பானேன் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அங்கேதான் கெட்டுப்போனேன்.

உட்கார்ந்தால் அந்த அதிர்வு கால் வழியாக ஏறி, முதுகில் எங்கேயோ போய் நிற்கும். என் வயது நாற்பத்தேழு. கோழித்தீவனம் அரைக்கிற ஆலையின் லேப்பில் வேலை. லாரியில் வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள், ஒரே மேசை, ஒரே மிஷின். ஞாயிற்றுக்கிழமையின் அந்தப் பத்து நிமிஷத்துக்காக வியாழக்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. பத்து நிமிஷம் கால் மணியாயிற்று. பிறகு ஒருநாள் கால் தவறியோ தவறாமலோ கியரில் விழுந்து, வண்டி இரண்டடி நகர்ந்து துவைக்கிற கல்லை முட்டியது.

தீபாவளிக்குக் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் காவ்யா, முன் சக்கரத்திலிருந்த சோப்பு வெள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தோழிகளின் வண்டியை ஓட்டிப் பழக்கமுண்டு. மறுநாள் காலை எங்களூர் ஏரிக்குள் இருக்கும் காய்ந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனாள்.

"அம்மா, கிளட்ச்சப் பட்டுனு உடாதீங்க. முட்டைய கீழ வெக்கற மாதிரி உடுங்க" என்றாள்.

நாமக்கல்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. நாலு நாளில் எட்டுப் போட்டேன். ஏற்கெனவே ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் இருந்தது. தை மாதம் கியர் வண்டிக்கும் முறையாக வாங்கினேன். என் உயரத்துக்கு இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதியாது. தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் நடந்தது அவருக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை? திட்டுவார் என்ற பயமில்லை. அவர் திட்டுகிற ஆளுமில்லை. விஷயம் வேறு. அந்த மனிதர் அங்கே கல்லுப்பொடியைத் தின்றுகொண்டு வெயிலில் நிற்கிறார். ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு பொருளை அவரே இன்னும் ஆற அமர அனுபவிக்கவில்லை. அதை நான் எடுத்து ஓட்டிச் சந்தோஷப்படுவது, அவர் தட்டில் வைத்த பலகாரத்தை அவர் கை கழுவப்போன நேரத்தில் எடுத்துத் தின்பதைப்போல எனக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. இரண்டும் உண்மை.

ஒவ்வொரு ஞாயிறும் பத்து, இருபது கிலோமீட்டர் என்று போய்க்கொண்டிருந்தவள், அந்த மாசி ஞாயிறன்று ஒரு முழு நாளும் போவது என்று முடிவு செய்தேன். அவர் சொன்ன அந்த மலையோரம்தான்.

ஐந்தே முக்காலுக்கு

விடிகிற நேரத்தில் கிளம்பினேன். அவருடைய ஜாக்கெட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். பின்பெட்டியில் தண்ணீர், நாலு இட்லி, ஒரு துண்டு. ஹெல்மெட் போட்டால் பூ கசங்கும் என்பதால் மல்லிகையைப் பெட்ரோல் டேங்க் மேலிருந்த பைக்குள் போட்டுக்கொண்டேன். நாமக்கல் வரை அந்த வாசம் வந்தது.

வண்டி ஓட்டுவதில் என்ன சுகம் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். பஸ்ஸில் போகும்போது நாம் ஊரைப் பார்க்கிறோம். இதில் போகும்போது ஊர் நம்மேல் படுகிறது. எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரிகிறது. கிணற்றோரத் தென்னந்தோப்பைக் கடந்தால் முழங்காலில் குளிர் படும். அடுத்த மேட்டில் ஏறினால் வெதுவெதுப்பு. கோழிப்பண்ணை வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும். நாமக்கல்லுக்குள் நுழையும்போது லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவ்வளவு காலையிலேயே யாரோ வெல்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நீல வெளிச்சம் ஒரு கணம் கைப்பிடியில் பட்டுப் போனது.

சேந்தமங்கலத்தில் டீ குடித்தேன். டீக்கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, பின்னால் வரவேண்டிய ஆளைத் தேடுகிறவர்போல ரோட்டைப் பார்த்தார்.

"அண்ணன் வாராங்களா பின்னால?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"மலைக்குங்களா?"

"மலைக்கு இல்லீங்க. அடிவாரத்துலயே போலாம்னு."

அவர் இன்னொரு கேள்வி கேட்கப்போய் அதை விழுங்கிவிட்டு, டீயில் ஒரு கரண்டி பால் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார்.

அங்கிருந்து வடக்கே திரும்பினால் கொல்லிமலை வலக்கைப் பக்கமாகவே கூட வரும். பாக்குத்தோப்பு, மரவள்ளி, மறுபடி பாக்குத்தோப்பு. ரோட்டில் ஆள் நடமாட்டமில்லை. ஐம்பதிலேயே போனேன். அதற்குமேல் போகத் தோன்றவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்கே தெரியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தது அப்போதுதான்.

ஆறு பேர்

விழுந்த வண்டியைத் தூக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தூக்கும் முறையைக் காவ்யா கைபேசியில் காட்டியிருந்தாள். அதையும் செய்தேன். ஒரு சாண் எழும்பி, மறுபடி படுத்தது. ஷூ ஜல்லியில் நிற்கவில்லை.

மரவள்ளிக் காட்டுக்குள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறு பேர். முன்னால் வந்தவருக்கு என் வயதிருக்கும். தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பேர் பாப்பாத்தி என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்கம்மணி, அடி கிடி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க. வண்டிதான்..."

"வண்டி கெடக்குது. நீங்க மொதல்ல காலை ஒதறிப் பாருங்க."

உதறிப் பார்த்தேன். கணுக்காலில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை.

அவர் வண்டியை ஒருமுறை பார்த்தார். கிழங்கு மூட்டையைப் பார்ப்பதுபோல, எங்கே பிடித்தால் எழும்பும் என்று பார்த்தார். "ரெண்டு பேரு அக்கட்டப் போங்க. அந்தப் பக்கம் சாஞ்சுட்டா மறுக்கா ஒரு கூத்தாயிரும்" என்று சொல்லி, மற்ற மூன்று பேரோடு குனிந்தார். நானும் குனிந்தேன். ஒரே தூக்கு. வண்டி நின்றுவிட்டது. ஸ்டாண்டைப் போட்டேன்.

இடது கண்ணாடி சில்லுசில்லாகிவிட்டது. கிளட்ச் பிடி நுனியில் வளைந்திருந்தது. இடப்பக்கக் காப்புக் கம்பியில் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது. அந்தக் கம்பி தாங்கிக்கொண்டதால் டேங்க் தப்பித்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்னியர் ஆறு பேருக்கு முன்னால், ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

"ஊட்டுக்காரரு வண்டிங்களா?" என்று பாப்பாத்தி கேட்டார்.

"ஆமாங்க. அவருக்குத் தெரியாது."

"அட சாமி!" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

"இத எடுத்துட்டு எங்கீங்க கெளம்புனீங்க?"

"தம்மம்பட்டி வரைக்கும்."

"அங்க யாரு இருக்கறாங்க?"

"யாருமில்லீங்க. சும்மா போயிட்டு வரலாம்னு."

பாப்பாத்தி மற்ற ஐந்து பேரையும் திரும்பிப் பார்த்தார். "சும்மாவாமா!" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு சும்மாட்டை அவிழ்த்து உதறியபடி சொன்னார்: "நா கோயிலுக்குப் போயிருக்கறேன். ஆசுபத்திரிக்குப் போயிருக்கறேன். எழவுக்கு லாரி ஏறிப் போயிருக்கறேன். சும்மா ஒரு எடத்துக்கும் போனதில்ல."

யாரோ கொண்டுவந்த செம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் அப்போது எண்ணினேன். அதைச் சொல்லவும் செய்தேன். பாப்பாத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உழுந்தது வண்டிதானுங்க. நீங்க நின்னுட்டுத்தான இருந்தீங்க? ஒண்ணு பண்ணுங்க. என்னைய அந்தா அந்தப் பாலம் வரைக்கும் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயி, திருப்பி இங்கியே கொண்டாந்து உட்ருங்க. உங்களுக்கும் பயம் தெளியும். எனக்கும் சும்மா போனாப்ல இருக்கும்."

என் ஹெல்மெட்டை அவருக்குக் கொடுக்கப்போனேன். பின்பெட்டியில் காவ்யாவின் ஹெல்மெட் இருந்தது நினைவுக்கு வந்தது. அதை அவருக்கு மாட்டிவிட்டு, வார் கட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி இறங்கிக்கொடுத்தது. மெல்லக் கிளட்சை விட்டேன். முட்டையைக் கீழே வைப்பதுபோல.

பாலம் அரைக் கிலோமீட்டர் இருக்கும். போகும்போது அவர் பேசவே இல்லை. பயந்துவிட்டாரோ என்று வேகத்தைக் குறைத்தேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ஏனுங்க மெதுவாயிட்டீங்க?" என்றார். திரும்பி வந்து இறங்கியபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. கண்ணில் நீர். காற்றினால் இருக்கலாம்.

"எப்பிடிக்கா இருந்துச்சு?" என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"கிழங்கு கெடக்குது, வாங்கடி" என்று சொல்லிவிட்டு அவர் காட்டுக்குள் இறங்கினார். நாலு வரிசை தள்ளிப்போய்த் திரும்பி, கையை உயர்த்தினார்.

நான் தம்மம்பட்டிக்குக் கிளம்பினேன்.

கரும்பலகைபோல ஒரு திரை

மெட்டாலாக் கணவாயில் ரோடு இரண்டு மலைக்கு நடுவே நுழைகிறது. நிழல் விழுந்து தார் கறுத்திருந்தது. வளைவுக்கு வளைவு வண்டி தானாகச் சாய்ந்து, தானாக நிமிர்ந்தது. காலையில் விழுந்தவள் நான்தானா என்று எனக்கே ஐயமாக இருந்தது. குரங்குகள் தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கைபேசியில் சிக்னல் போய்விட்டது. உலகத்தில் யாராலும் என்னைக் கூப்பிட முடியாது என்றிருந்த அந்த அரைமணி நேரத்தைப்போல நான் பெரிதாக எதையும் அனுபவித்ததில்லை.

தம்மம்பட்டியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சாதம் விழுந்த நேரம் கைபேசி அடித்தது. அவர். வீடியோ கால்.

ஞாயிறு மதியம் அவர் கூப்பிடுகிற நேரம்தான். வழக்கமாக நான் சமையல்கட்டில் இருப்பேன். கோயிலுக்கு வந்தேன் என்று சொல்லலாம், எடுக்காமலே விடலாம். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஒற்றைக் கண்ணாடியோடு. அதைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

"எங்க இருக்கற? சத்தமா இருக்குது."

"தம்மம்பட்டியிலங்க."

"தம்மம்பட்டியா? யாரோட போன?"

"உங்க வண்டில வந்தனுங்க. நானே ஓட்டிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். விளையாட்டென்று நினைத்துவிட்டார். நான் எழுந்துபோய்க் கேமராவை வண்டிப் பக்கம் திருப்பினேன். கண்ணாடி இல்லாத காம்பு, வளைந்த கிளட்ச், பெயின்ட் போன கம்பி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினேன். தீபாவளியிலிருந்து நடந்ததைச் சொன்னேன். சொல்லிமுடித்துத் திரையை என் பக்கம் திருப்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாலு மாசமா?" என்றார்.

"ஆமாங்க."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசிட்டுத்தான இருக்கறோம். ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணல."

நான் பதில் சொல்வதற்குள் திரை கறுத்துவிட்டது. கட் செய்துவிட்டார். திருப்பி அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என் பேச்சின் நடுவில் போனை வைத்ததில்லை. எஸ்.டி.டி. பூத் காலத்தில், மீட்டர் ஓடுகிற பதற்றத்திலும், "வெக்கட்டா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். பரிமாறுகிற அம்மா வந்து, "ஏம்மா, குழம்பு ஊத்தட்டுமா?" என்று இரண்டுமுறை கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். இலையில் விழுந்த சோறு அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது. மறுபடி அடித்தது. இந்தமுறை வெறும் குரல்.

"சாப்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

"இல்லீங்க. சாப்டல."

"கால் கையில அடி இருக்குதா? நெசமாச் சொல்லு."

"கணுக்கால்ல லேசா தோல் போயிருக்குதுங்க."

அவர் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. அதற்குப் பின்னால் ரிக் வண்டிக் கம்ப்ரசரின் இரைச்சல்.

நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னேன். நீங்க அங்க வெயில்ல நிக்கறீங்க, நீங்களே ஆசை தீர ஓட்டாத வண்டி, அதை நான் எடுத்து ஓட்டுறேன்னு சொல்ல எப்பிடிங்க வாய் வரும் என்று. பரிமாறுகிற அம்மா காதில் விழும் என்ற எண்ணமே இல்லாமல் சொன்னேன்.

"நா ஓட்டலைன்னு யாரு சொன்னா?" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு பகல்ல படுத்தா தூக்கம் வாரதில்ல சுமதி. லாரிக்கு அடிலதான் படுக்கறோம். பக்கத்துல வேற போர் போடற பாயிண்ட்டுல கம்ப்ரசர் ஓடிட்டே இருக்கும். அப்பக் கண்ண மூடிட்டு நம்மூட்டு வாசல்ல இருந்து வண்டிய எடுப்பேன். நாமக்கல்லு, சேந்தமங்கலம்னு ஒவ்வொரு ஊராப் போவேன். முன்னெல்லாம் மலை கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள தூங்கிருவேன். இப்ப ரெண்டு மாசமா மலையச் சுத்தி முடிச்சு ஊடு வந்து சேந்தாலும் தூக்கம் வாரதில்ல. அந்த வண்டி சத்தம் எப்பிடி இருக்கும்னே மறந்து போச்சு. அதனால இருக்கும்."

நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

"திரும்பி எந்த வழியா வார?"

"நாமகிரிப்பேட்டை, ராசிபுரமுங்க."

"போனைப் பைக்குள்ள போட்டுட்டு ஓட்டு. பேச வேண்டாம். சத்தம் மட்டும் கேக்கட்டும்."

"மெட்டாலாவுல சிக்னல் இருக்காதுங்க."

"தாண்டி வந்து கூப்புடு. சோத்தத் தின்னுட்டுக் கெளம்பு, வெறும் வயித்துல ஓட்டாத." பிறகு, "கண்ணாடி கெடக்குது. வேற மாட்டிக்கலாம்" என்றார். அப்புறம், "வெக்கட்டா?" என்றார்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து

கணவாயைத் தாண்டி, நாமகிரிப்பேட்டைக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலில், இந்தமுறை நல்ல தார் பார்த்துக் காலை ஊன்றி நிறுத்தினேன். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். கைபேசியை டேங்க் மேலிருந்த பைக்குள் வைத்து, பையின் வாயை மூடாமல் விட்டேன்.

"எடுக்கறனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தேன்.

வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. மஞ்சள் வேகவைக்கிற பருவம். களங்களில் கொப்பரையிலிருந்து ஆவி எழுந்து ரோட்டில் படர்ந்தது. அந்த மண்ணும் மஞ்சளும் கலந்த வாசம் போன் வழியாகப் போகாதே என்றிருந்தது. அவருக்கு எது கேட்கும், எது கேட்காது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ஆட்டுமந்தைக்கு நின்றபோது மணிச்சத்தம் கேட்டிருக்கும். ஒரு திருப்பத்தில் கோயில் மைக்கில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் கேட்டிருக்கும். மேட்டில் கியரைக் குறைக்கும்போது என்ஜின் ஒரு சுரம் ஏறும். அதை அவருக்காகவே கொஞ்சம் நீட்டினேன். பேச வேண்டும்போல இருந்தது. பேச வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று பேசவில்லை.

ராசிபுரம் எல்லையில் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைபேசியைக் காதில் வைத்தேன்.

"ஏனுங்க?"

பதிலில்லை. லைன் போய்விட்டதா என்று திரையைப் பார்த்தேன். இல்லை, வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக் கேட்டேன். தொலைவில் கம்ப்ரசர் இரைச்சல். அதற்கு இந்தப் பக்கம், மிக அருகில், சீராக ஒரு குறட்டை.

வெயிலில் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. சேலம் பஸ் ஒன்று பின்னால் வந்து காது கிழிய ஹார்ன் அடித்தது. பதறிப்போய்க் கையால் கைபேசியைப் பொத்தினேன். அவர் ஏதோ முனகி, திரும்பிப் படுத்தார்போல. குறட்டை மறுபடி பிடித்துக்கொண்டது.

கட் செய்யவில்லை. பைக்குள் வைத்துத் துண்டால் ஒரு மடிப்பு மூடி, வண்டியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில், குறுக்கே வந்த ஆட்டோவுக்கும், ரோட்டை மறித்து நின்று பேசிய மூன்று பேருக்கும், ஒரு மாட்டுக்கும், ஹார்ன் அடிக்காமல் காத்து நின்று காத்து நின்று ராசிபுரத்தைக் கடந்தேன்.